விளக்கேற்றிய அன்று பேசாமல் விட்டது

பலாபத்வல

அன்புள்ள மகன் பிரதீபனுக்கு அம்மா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, மனதைப் பற்றித்தான் அப்படி எழுத முடியவில்லை. நீ அந்த வெயிலில் சுகமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே இருப்பார், அதனால்தான் லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்பும் உன் கூட்டாளி றுஸ்தியின் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

நம்முடைய மிளகுச் சங்கத்துக்கு முகாமையாளராக வந்த சிவநந்தினியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, நீ கம்பனியில் பார்க்கிற, திட்டம் போடுகிற பிளேனிங் வேலையைத்தான் அவளும் படித்தவள். தை மாதம் நல்ல நாள் பார்த்து விளக்கேற்றி, பால் பொங்க வைத்துக் கூட்டம் போட்டோம். ஐந்து வருடத்தில் சங்கம் எங்கே நிற்க வேண்டும், இந்த வருடம் யாருக்குச் சரக்கு அனுப்புவது, தினமும் யார் புடைப்பது யார் பொதி செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் திட்டம் போட்டு வைத்திருந்தாள், கேட்க ஆசையாக இருந்தது. கடைசியில், எல்லாம் பிழையாகிப் போனால் செய்வதற்கும் ஒரு மாற்றுத் திட்டம் வேண்டும், “மழ விடாம பெஞ்சா மொளக எங்க காய வைப்போம், ரோட்டு ஒடைஞ்சா சாமான் எப்பிடிப் போகும்” என்று கேட்டாள். தலைவர் கதிரையில் இருந்த உன் அப்பா உடனே, “வெளக்கேத்துன எடத்துல இந்தப் பேச்சு வேணாம் பிள்ள, நல்லதையே பேசுவோம்” என்றார். நாங்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினோம். அதற்குப் பிறகு யாரும் அதைப் பேசவில்லை.

போன மாதம் அவள் கேட்ட இரண்டும் நடந்தது. மழை விடவில்லை, மிளகெல்லாம் பூஞ்சணம் பிடித்தது, பல்லேபொலப் பாதையில் மண் சரிந்து லொறி வர முடியவில்லை, வாங்குகிறவர்கள் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். வருகிற பௌர்ணமிப் போயா அன்று கூட்டம் கூடி நந்தினியை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார்களாம். அன்றைக்கு என்னோடு தலையாட்டின ராசம்மா கூட, “படிச்ச பிள்ளன்னு நம்புனோம், ஒரு பிளேன் போடத் தெரியல” என்கிறாள். நந்தினியின் சம்பளத்தில்தான் அவள் தங்கச்சி கெம்பஸில் படிக்கிறாள். அந்தப் பிள்ளை யாரையும் குறை சொல்லவில்லை, கொஞ்சம் வெயில் அடித்தாலும் மிஞ்சின மிளகை எடுத்துப் பரப்பிக்கொண்டு நிற்கிறாள்.

அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். “நான் என்ன கெட்டதா சொன்னேன், நல்லதத்தானே பேசச் சொன்னேன்” என்கிறார். கெட்ட மனுஷன் இல்லை என்று எனக்குத் தெரியாதா? சாப்பாடு பாதியில் எழும்புகிறார், டீவியைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்க்கிறார். ஆனாலும் ஒரு பிள்ளையின் பிழைப்பு போகும்போது தலைவர் வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை சாமி. இந்தக் கூட்டத்தில் கெட்டதையெல்லாம் பேசி முடித்த பிறகு விளக்கேற்றினால் போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே, நீ நல்லா இருப்பாய். போயாவுக்கு முதல் நாள் அப்பாவுக்கு மறக்காமல் போன் கோல் எடு, அன்று நந்தினியின் பேச்சைத் தடுத்தது தான்தான் என்று கூட்டத்தில் சொல்லச் சொல்லு, உன் பேச்சை அவர் கேட்பார். நீ சொல்லியும் கேட்காவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்காதே. அதற்கும் ஒன்று நினைத்து வைத்திருக்கிறேன், அவ்வளவு பேருக்கு முன்னால் நானே எழும்பிச் சொல்லுவேன்.

உன் அம்மா
பரிமளம்