மூன்று டீசலும் அம்மாவின் முதுகும்

ஜன. 11, சனி

காலையில் பனி. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது, தெரியவில்லை. நொச்சிக்குப்பத்துப் படகு ஒன்று ஆகாயத்தில் நின்றது. கால் மணி நேரம் வீண்.

வேலை: பழைய கார். டீசல். காரணம்: எஞ்சின் குறைந்த சுற்றிலேயே இழுக்கும், கியர் அதிகம் மாற்ற வேண்டாம், அதனால் குலுக்கல் குறைவு. அம்மாவுக்காக. முதுகில் ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம். ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்த டாக்சி வேகத்தடையில் குதித்தது, அம்மா அலறிவிட்டாள். அதோடு சரி. எந்த வண்டியிலும் ஏறவில்லை. ஞாயிறு பூசைகூட போனில்தான். முதுகு ஆறிவிட்டது, இனி வீட்டிலேயே கிடந்தால்தான் கெடும் என்கிறார் டாக்டர்.

பார்க்க வேண்டியவை:
1.1 லிட்டர், மூன்று சிலிண்டர். அடையாறு.
1.3, நான்கு சிலிண்டர். தி. நகர்.
1.5, நான்கு சிலிண்டர், பி.எஸ். 6 (புதுப் புகை விதி). மயிலாப்பூர்.

அம்மாவிடம் காட்டினேன். ரிடையர்டு கணக்கு டீச்சர். விடைத்தாள் மாதிரி பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "உனக்கு வேணும்னா வாங்கிக்கடா. நான் ஏறப் போறதில்ல."

ஜன. 12, ஞாயிறு

மெக்கானிக் பாஷா பாயுடன் அடையாறு. நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று ஓனரிடம் நேற்றே சொல்லியிருந்தேன். குளிர்ந்த டீசல் எஞ்சின் பொய் சொல்லாது. பாய் பானெட்டில் கை வைத்தார்.

"இன்னா சார், தோசை ஊத்தலாம் போலகீது?"

ஓனர் தென்னை மரத்தைப் பார்த்தார்.

எஞ்சின் சும்மா ஓடும்போதே சீட்டில் நடுக்கம். தண்ணீர் பாட்டிலை வைத்தேன். உள்ளே வட்டம் வட்டமாக அலை, ஓயவே இல்லை. அழகுதான். அந்த இடத்தில் அம்மாவின் முதுகெலும்பை நினைத்தேன். வேண்டாம்.

ஜன. 13, திங்கள்

போகி. புத்தி இல்லாமல் இன்றைக்குப் போய் சைலன்சர் புகை பார்க்கக் கிளம்பினேன். தி. நகரே புகைக்குள். மேம்பாலம் பாதியில் கரைந்துபோயிருந்தது, அதன் மேல் ஒரு பஸ் மட்டும் மிதந்து போயிற்று.

"இன்னிக்கு ஊரே டீசல்தான் தம்பி. எத்தப் பாப்பே?" பாய்க்குச் சிரிப்பு.

1.3: ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை. உள்ளே தேய்மானம். இரண்டாயிரம் சுற்று வரை தூக்கம், அப்புறம் பின்னாலிருந்து ஒரு உதை. அம்மாவுக்கு ஆகாது.

வீட்டில் அம்மா ஜன்னலோரம். தெருவில் மேளம் அடித்துக்கொண்டு பிள்ளைகள். அவள் உதடு எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.

ஜன. 16, வியாழன்

மயிலாப்பூர். 1.5. ஸ்டார்ட் செய்ததும் ஓடுகிறதா என்றே சந்தேகம். பாட்டிலில் தண்ணீர் கண்ணாடி மாதிரி. பத்து நிமிடம் உட்கார்ந்தேன். இறங்க மனமில்லை.

டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு. கரி வடிகட்டி அடைப்பு.

ஓனர் மாமாவுக்குப் பெருமை. "நாலு வருஷத்துல பதினோராயிரம்தான் ஓடியிருக்கு. ஆத்தை விட்டா கோயில், கோயிலை விட்டா ஆம். முப்பதைத் தாண்டினதில்லை. அவ்வளவு பத்திரமா வெச்சிண்டிருக்கேன்."

"பத்திரமா வெச்சதுதான் சார் தப்பு" என்றேன். புது டீசலில் புகைக்கரி வடிகட்டியில் தங்கும். வேகமாக, நீண்ட தூரம் ஓடினால்தான் சூடேறி எரிந்து போகும். மாட வீதியையே சுற்றினால் அடைத்துக்கொள்ளும்.

மாமி உள்ளேயிருந்து: "மகாபலிபுரம் அழைச்சிண்டு போங்கோன்னு நாலு வருஷமா சொல்றேன். காருக்காவது காது கேட்டிருக்கு."

சாயங்காலம் அம்மாவிடம் நேராகச் சொன்னேன். எஞ்சின் இதுதான் சிறந்தது, ஆனால் நமக்கு டீசலே தப்பு, பெட்ரோல் கார் பட்டியல் ஒன்று எழுதிவிட்டேன். நம் ஓட்டமெல்லாம் நாலு கிலோமீட்டர். இந்த வண்டியை வாரம் ஒருமுறை அரை மணிக்கு மேல் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும்.

"ஓட்டலைன்னா?"

"அடைச்சுக்கும்."

"வாராவாரமா?"

"கட்டாயம்."

"எங்க ஓட்டுவே?"

"ஈ.சி.ஆர்., கடலோரமா."

அம்மா நாற்காலியில் பின்னால் சாய்ந்து பார்த்தாள். பிறகு, "முன் சீட்டு எவ்வளவு சாயும்?"

ஜன. 17, வெள்ளி

முன் சீட்டு நன்றாகவே சாய்கிறது. மயிலாப்பூர் போய் அளந்துவிட்டேன். பெட்ரோல் கார் பட்டியலைக் கிழித்துப் போட்டேன்.

ஜன. 19, ஞாயிறு

விடிந்ததும் பனி. ஓட்டிப் பார்க்க மாமா வண்டியைத் தந்தார். நம்பிக்கைக்குப் பாய் அவர் வீட்டில். "வண்டி வர்ற வரைக்கும் நான் இங்கியே குந்திக்கினு கீறேன். நாந்தான் ஜாமீன்." மாமி காபி கலக்கப் போனார்.

அம்மா ஏறினாள். ஏறுவதற்கே ஏழு நிமிடம். கழுத்தில் ஜெபமாலை, இடுப்புக்குப் பின்னால் தலையணை. முதல் வேகத்தடையில் என் சட்டையைப் பிடித்தாள். நான் நடக்கிற வேகத்தில் ஏற்றி இறக்கினேன். பின்னால் ஒரு ஆட்டோக்காரர்: "யோவ், கல்யாண ஊர்வலமா?" அம்மா சிரித்துவிட்டாள். பிடி விட்டது.

வண்டியில் செருகிய சின்னக் கருவி கரி அளவை என் போனுக்கு அனுப்பும். போனை அம்மாவிடம் கொடுத்து, படிக்கச் சொன்னேன்.

திருவான்மியூர் தாண்டி வேகம் எழுபது. "எழுபத்தாறு சதவீதம்." முட்டுக்காடு, தண்ணீருக்கு மேல் பாலமே தெரியவில்லை, நாங்கள் மட்டும். "நாப்பத்தொண்ணு." எஞ்சின் ஒரே சுருதி. சவுக்கு மரங்கள் பனிக்குள்ளிருந்து வந்து பனிக்குள்ளேயே போயின. கோவளம். "பன்னிரண்டு."

"இன்னும் இருக்காம்மா?"

"பன்னிரண்டு இருக்கு."

பத்து கிலோமீட்டர் கழித்துக் கேட்டேன். "பன்னிரண்டுதான்டா. ரோட்டைப் பார்த்து ஓட்டு." கண்ணாடியை இறக்கியிருந்தாள். முகத்தில் உப்புக் காற்று. போன் மடியில் கவிழ்ந்து கிடந்தது.

மஞ்சள் விளக்கு கோவளத்திலேயே அணைந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தது. இண்டிகேட்டர் போடவில்லை.