கோவிந்தன் ஆசாரியின் படிகாரத் தண்ணீர்

வேலூர், 1931. தை மாதம், வெள்ளி இரவு.

கோவிந்தன் ஆசாரி இன்று என் பட்டறையிலேயே எனக்குப் புத்தி சொல்லத் துணிந்துவிட்டான். வார்த்த நகையின் கறுப்புக் கறையை எடுக்கத் திராவகம் வேண்டாமாம். படிகாரத்தைத் தண்ணீரில் கொதிக்கவைத்தால் போதுமாம்.

"தோல் பதனிடுற ஷாப்புல மூட்டை மூட்டையா கெடைக்குது, மொதலாளி. நேரம் கொஞ்சம் ஜாஸ்தி ஆவும், அவ்ளோதான். இந்தத் திராவகப் புகை நெஞ்சைத் தின்னுது" என்றான். மற்ற ஆசாரிகள் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். முகூர்த்தங்கள் நெருக்கும் மாதத்தில் எனக்கு ஏது நேரம்?

செய்து காட்டச் சொன்னேன். முதல் பதக்கம் மஞ்சளாகப் பளபளவென்று வந்தது. எனக்கு வயிறு எரிந்தது. இரண்டாவதைப் பானையில் போட்டுவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் இரும்பு இடுக்கியை உள்ளே விட்டுக் கிளறினேன். அந்தத் தண்ணீரில் இரும்பு பட்டால் நகைமேல் செம்பு ஏறிவிடும். அதற்குப் பயந்துதான் அவன் மூங்கில் குச்சி வைத்திருந்தான்.

அவர்கள் திரும்பி வந்து எடுத்தபோது பதக்கம் செக்கச்செவேலென்று வெளியே வந்தது. முதலில் நான்தான் சிரித்தேன். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

என் கையில் ஈரம் காயாமல் இருந்த இடுக்கியை அவன் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"என் தப்புதான், மொதலாளி" என்றான். பானையைக் கவிழ்த்துவிட்டுத் திராவகத்தின் முன்னால் போய் உட்கார்ந்தான்.

இன்னும் அங்கேதான் இருக்கிறான். இருமல் இங்கே வரைக்கும் கேட்கிறது. பட்டறைப் பக்கத்து ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டேன். அந்தப் புகை எனக்கு ஆகாது.