சிவப்பு மையால் வெட்டாத வரி

மல்கிரேவ்
யூலை 14, திங்கள்

என் அன்பு மகள் வினுஷாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அண்ணா கபிலன் வீட்டாரும் அம்மன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் இந்தக் குளிருக்குச் சம்மதிக்கவில்லை. அந்தக் கதரின் ஊரில் நீயும் சுகமாய் இருப்பாய், ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவில் நேரத்துக்குச் சாப்பிடுவாய் என்று நம்பிக்கொண்டுதான் தொடங்குகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் சொன்னால் நீ ஓகே அம்மா என்று வைத்துவிடுவாய், நானும் பாதியில் கதையை மாற்றிவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் ஒன்று சொல்கிறேன், மற்றதைப் பிறகு ஆறுதலாக வாசி. அப்பாவின் துவக்குக் கொப்பியில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாயே, தோட்டாவுக்கு மருந்து ஐம்பத்துநாலரை கிரெயின் என்று இருக்கிறது, வேகமும் கூடுதலாய் இருக்கிறது, அப்பா வெட்டவும் இல்லை, அதையே போட்டு அடுத்த மாதம் எருமை வேட்டைக்குப் போகப்போகிறேன் என்று. அதைப் போடாதே. அந்த வரி அப்பாவுடையது இல்லை.

இந்தக் கிழமை முழுக்க இங்கே பனிமூட்டம். பின்வளவுச் சுற்றுக்கொடியில் போட்ட படுக்கை விரிப்பு மூன்று நாளாய்க் காயவில்லை. கபிலன் மெஷினில் காயப்போடுங்கோ அம்மா என்கிறான், நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் சிவனேஸ்வரியைக் கண்டேன், தொண்ணூற்று நாலில் பன்னிரண்டு இடியப்பத் தட்டு இரவல் வாங்கிப் பதினொன்று தந்தவள், இப்போதும் ஒன்றும் தெரியாத மாதிரிச் சிரிக்கிறாள். அன்று பகல் கதிரையில் கண் அயர்ந்தபோது அப்பா தேடிக் கிடைக்காத அந்தப் பெண்மரை கனவில் வந்தது, இங்கத்தைய ஆட்கள் சாம்பர் மான் என்கிறார்களே, அதுதான். விரிப்புகளுக்கு நடுவில் நின்று ஈரத்தை மணந்து பார்த்தது. கோபமே இல்லை. வயிற்றுப் பக்கம் மட்டும் விரிப்பால் மறைத்துக்கொண்டு நின்றது. கண் விழித்தால் கொடி சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது.

உனக்கு நினைவிருக்கும், அப்பாவின் பெருவிரல் தொழிற்சாலையில் நசுங்கிய பிறகு கராஜில் தோட்டாவுக்கு வெடிமருந்து நிறுப்பது என் வேலை. பித்தளைத் தோட்டாக் கோதுகள் வரிசையாய் வாய் திறந்து நிற்கும். மருந்து கருஞ்சீரகத்தைவிடச் சின்னதாய் நறுக்கின குச்சி மாதிரி, தட்டில் விழும்போது தூரத்தில் மழை வருகிற சத்தம். மூச்சுவிட்டாலே தராசு ஆடும், அதனால் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முள் நடுக்கோட்டில் வந்து நிற்கிறதைப் பார்த்துக்கொண்டிருப்போம். முப்பது வருடக் கலியாணத்தில் நாங்கள் ஒருவரையொருவர் அவ்வளவு அமைதியாய் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரு மாரி முழுக்க அளவு மாற்றி மாற்றிப் பேப்பரில் சுட்டுப் பார்த்துத்தான் ஐம்பத்திரண்டு கிரெயினில் நின்றார். மூன்று துளையும் இருபது சதக் காசுக் குற்றிக்குள் அடங்கும். மருந்தைக் கூட்டினால் வேகம் கூடும், ஆனால் துவக்குக்குப் பிடித்த அளவைத் தாண்டினால் ரவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போகும். வேகமாப் போய்ப் பிழையான இடத்தில படுறதிலும் பாக்க ஆறுதலாப் போய்ச் சரியான இடத்தில படட்டும் என்பார்.

தொண்ணூற்றொன்பது ஆவணியில் அப்பாவோடு குறிபார்த்துச் சுடுகிற ஆரோக்கியசாமி தோட்டாவின் வேகம் பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கித் துவக்குக் கிளப்புக்குக் கொண்டுவந்தார். நான் பிளாஸ்க்கோடு நிற்கிறேன், அத்தனை பேர் முன்னால், உங்க தோட்டா நடந்துல்ல போகுது அண்ணே, அது போய்ச் சேர்றதுக்குள்ள மான் டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பிடும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். எனக்குத்தான் உச்சந்தலை கொதித்தது. அடுத்த வெள்ளி அப்பா ஐம்பத்திரண்டு என்றார், நான் ஓம் என்றேன், தராசை ஐம்பத்துநாலரையில் வைத்து இருபது தோட்டாவுக்கும் நிறுத்துக் கொடுத்தேன்.

ஞாயிறு அந்த மெஷின் காட்டிய வேகத்தில் ஆரோக்கியசாமியின் வாய் அடைத்துப்போனது. எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. பேப்பரில் துளைகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன. அப்பா நெடுநேரம் பார்த்துவிட்டு இண்டைக்குக் காத்து என்றார். காற்றைச் சந்தேகப்பட்டார், தன் நசுங்கின விரலைச் சந்தேகப்பட்டார், என் நிறுவையில் மட்டும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. மறுநாள் விடிய மீதித் தோட்டாக்களோடு மலையில் வேட்டைக்குப் போனார். காரைப் பின்னால் எடுக்கும்போது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

பனிக்குள் நின்ற பெண்மரைக்கு வைத்த வெடி வயிற்றில் பட்டது. இரண்டு நாள் இரத்தம் பார்த்துப் பார்த்து நடந்தார், கிடைக்கவில்லை. வந்து பின்வளவுக் குழாயடியில் சப்பாத்தைக் கழுவிக்கொண்டே நின்றார், சோறு வேண்டாம் என்றார். அது எங்கயோ நடந்துகொண்டிருக்கும் என்று மட்டும் சொன்னார். நான் அன்றே ஆரோக்கியசாமியின் தலையில் போட்டேன், அவன்ர வேகக் கதையைக் கேட்டுத்தான் இவ்வளவும் என்று. நீங்களும் நம்பினீர்கள். அந்த மனிசனை வீட்டு வாசலில் ஏற்றவில்லை, அப்பாவின் செத்தவீட்டில்கூட முகத்தைத் திருப்பினேன். அப்பா ஒருநாளும் எனக்கு மறுத்துப் பேசவில்லை. கொப்பியில் அந்த நாளின் வேகத்தை அவர் எழுதியிருந்தார், நிறை எழுதும் இடம் என்னுடையது, வெறுமையாகக் கிடந்தது. ஒரு மாதம் கழித்து வாயால் சொல்ல முடியாததை அதில் இலக்கமாக எழுதினேன். அவர் சரிவராத அளவையெல்லாம் சிவப்பு மையால் வெட்டுவார், இதை வெட்டவில்லை, ஆகவே அவர் அதைக் காணவில்லை என்று இருபத்தாறு வருடம் ஆறுதல்பட்டேன்.

நேற்றுக் கபிலனின் மகள் நிரூபா உன் படத்தைப் போனில் பெருப்பித்துக் காட்டினாள். அப்பம்மா, இதென்ன சிவப்பாய் ஒரு புள்ளி என்றாள். என் ஐம்பத்துநாலரையின் தொடக்கத்தில், பேனையை வைத்து எடுத்த புள்ளி. வைத்திருக்கிறார், இழுக்கவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டுதான் அதன் பிறகும் அந்தத் தராசுக்கு முன்னால் என்னோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

அவர் எனக்காக விட்ட வரி உன்னைப் பிழையாக நடத்தக்கூடாது. ஒரு சிவப்புப் பேனை எடுத்து அந்தப் புள்ளியிலிருந்து கடைசி வரைக்கும் இழு. ஐம்பத்திரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு போடாதே, அது அந்தக் காலத்து மருந்துக்கு. இப்போதைய மருந்தளவுப் புத்தகத்தைப் பார்த்துக் கீழிருந்து ஏற்று, துளைகள் ஒன்றையொன்று தொடுகிற இடத்தில் நில், ஆர் என்ன பகிடி பண்ணினாலும் நில்.

ஆரோக்கியசாமிக்கு நிரூபாவைக் கொண்டு போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொல்லி ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணிக்கு வரச் சொன்னேன். சக்கரை போடாம வைங்க அண்ணி என்றார். அந்த டீப் பகிடியை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை, அதை நேரில் சொல்வேன்.

அம்மன் உன் கண்ணுக்கும் கைக்கும் துணை நிற்கட்டும், போகிற காட்டிலிருந்து முழுசாய் வந்து சேர். வரியை வெட்டியதும் அந்தப் பக்கத்தைத் திரும்பப் படம் எடுத்து அனுப்ப மறந்துவிடாதே, பார்த்த பிறகுதான் அந்தப் பெண்மரை மறைந்து நின்ற விரிப்பைக் கொடியிலிருந்து எடுப்பேன்.

உன்னை நினைத்தபடி இருக்கும்
அம்மா