பாட்டுக்குள் போன அழுகை

விபோர்க், டென்மார்க்,
09.03.2025

அன்புள்ள சாரங்கிக்கு,

கிருசாந்தி அக்கா எழுதிக்கொள்வது. நீ அமெரிக்காவில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் இருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுத இப்போது கை வரவில்லை. தபாலில் போட்டால் நாளாகும் என்பதால் கையால் எழுதிப் படம் எடுத்து உன் மின்னஞ்சலுக்கு அனுப்புகிறேன். தட்டச்சில் அடித்தால் கோபத்தில் என்னென்னவோ அடித்துவிடுவேன். பேனா என்றால் கொஞ்சம் மெதுவாகப் போகும்.

அப்பா போய்விட்டார். பெப்ரவரி இருபத்துநான்காம் திகதி, திங்கட்கிழமை காலை. நுரையீரலில் நோய் என்று தெரிந்து ஐந்து மாதம்தான். நீ முகநூலில் பார்த்திருப்பாய். அறிவித்தலின் கீழே ஓர் இதயக் குறி போட்டிருந்தாய். உன்னை மருமகள் என்றே கூப்பிட்ட மனுசனுக்கு அந்த ஒரு குறி. சரி, அதை விடுகிறேன். நான் எழுத வந்தது அப்பாவைப் பற்றி அல்ல, அம்மாவைப் பற்றி.

நான்கு வருடத்துக்கு முன் ஜனவரியில் தம்பி டிலுக்சனின் செத்தவீடு நடந்த நாள் உனக்கு மறந்திருக்காது. உங்கள் இருவருக்கும் மே மாதம் கலியாணம் என்று நாள் குறித்திருந்தோம். வேலைக்குப் போன காலையில் ரண்டர்ஸ் வீதியில் பனி உறைந்து கார் வழுக்கிவிட்டது. பெட்டியை மூட முன்னம் அம்மா அதன் தலைமாட்டில் இருந்து அழத் தொடங்கினா. ஒரு கையால் நீ என் கையைப் பிடித்திருந்தாய். மற்றக் கையில் உன் தொலைபேசி இருந்தது. நடுங்குகிறாள், எதையாவது பிடித்துக்கொண்டிருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அது பதிந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அதன் பிறகு நீ டோஸ்ட்ருப்பில் உன் வீட்டோடு இருக்க முடியாமல் நாஷ்வில்லுக்குப் போனதை நான் ஒருபோதும் பிழை சொன்னதில்லை. அமெரிக்கக் கன்ட்ரி பாட்டுக்காரரின் ஊர், அவனும் நீயும் சேர்ந்து போக நினைத்த ஊர்தானே. எங்கள் சமையலறை மேசையில் இருந்து நீங்கள் இருவரும் பிடித்த சண்டைகள் இப்போதும் என் காதில் இருக்கின்றன. கன்ட்ரி பாட்டு எல்லாம் ஒரே பாட்டுத்தான் என்பான் அவன். லொறி, பியர், மண் றோட்டு, விட்டிட்டுப் போன பெட்டை. அதற்குள் இப்போது ராப்பையும் கொம்பியூட்டர் மேளத்தையும் கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்பாய் நீ. கொட்டட்டும், கிட்டாரே வேறை ஆக்களிட்டை இருந்து வந்ததுதானே என்பான். பிறகு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு கிட்டாரில் அதே மூன்று கோட்ஸை வாசிப்பீர்கள். அப்பா கதிரையில் இருந்து தாளம் போடுவார், எப்போதும் பிழையாக.

உன் பாட்டு வெளிவந்தபோது முதலில் கொண்டாடியவள் நான். வேலையில் முதியோர் இல்லத்துப் பெண்கள் எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன். எங்கள் சாரங்கி, எங்கள் தம்பியின் சாரங்கி என்று சொன்னேன். பல மாதம் அதைக் காரில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன். இருபது வருடமாக ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் களைத்த காதுக்கு வெளியில் இருந்து ஒரு புதுச் சத்தம் வந்திருக்கிறது என்று ஓர் அமெரிக்க விமர்சகர் எழுதியதை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். பல்லவிக்குப் பிறகு வரும் அந்த இழுவையைப் பற்றித்தான் அவர் எழுதியிருந்தார். ஏதோ பறவையின் குரலை மாற்றிப் போட்டிருக்கிறாய் என்றுதான் நான் நினைத்தேன். சொந்தத் தாயின் குரலை நான் அறியவில்லை, சாரங்கி. உன்மேல் எவ்வளவு கோபமோ அவ்வளவு என்மேலும் உண்டு.

அம்மா அறிந்தா. போன வருடம் நவம்பரில், சாமான் வாங்கப் போன கடையில், பால் எடுக்கும் இடத்தில். கூரையில் இருந்த ஒலிபெருக்கியில் உன் பாட்டு வந்தது. அம்மா பாலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றா. உடம்புக்கு என்னவோ செய்கிறது என்று நான் பயந்து பிடித்தேன். “பிள்ளை, அது நான்” என்றா. எது அம்மா என்று கேட்டேன். “ஆரோ என்னை மேலை வைச்சு அழவைக்கினம்” என்றா. பாட்டு முடிந்து வேறு பாட்டு வந்த பிறகும் அம்மா அந்த இடத்தை விட்டு அசையவில்லை. பின்னால் நின்ற ஒருவர் பால் எடுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அம்மாவைச் சுற்றிக் கை நீட்டினார்.

வீட்டுக்கு வந்து காதுக்குள் கருவியை மாட்டிக் கேட்டேன். “என்ரை ராசா” என்று அன்று தம்பியின் தலைமாட்டில் அம்மா இழுத்ததில் “ராசா” முடிய முன் வெட்டியிருக்கிறாய். “என்ரை ரா”. அவ்வளவும்தான். அதைப் பதினொரு தரம் ஒட்டியிருக்கிறாய். முன்னால் வருகிற உன் ஆங்கில வரி, மதுக்கடையில் விட்டிட்டுப் போன ஒருத்தனைப் பற்றியது. அவனுக்காக என் அம்மா பதினொரு தரம் அழுகிறா.

உன் பேட்டியையும் அப்போதுதான் தேடிப் பார்த்தேன். இது என் மக்களின் பழைய துக்க இசை, ஆக்கியவர் பெயர் தெரியாது என்று சொல்லியிருந்தாய். பெயர் தெரியாதா? ஞானேஸ்வரி பாலேந்திரா என்று எங்கள் கதவில் பெயர் ஒட்டியிருக்கிறது. அந்தக் கதவால் நீ எத்தனை தரம் வந்து சாப்பிட்டுப் போயிருப்பாய்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. உன் பாட்டு ஓடியதும் எல்லாரும் அதே இழுவையைத் தேடிப் போனார்கள். இங்கே சந்தைத் திருவிழாவில் ஒரு டெனிஷ் குழு அதைப் போல் ஊளையிட்டது. லொறி விளம்பரம் ஒன்றில் வந்தது. கொம்பியூட்டரில் செய்த குரலில் வந்தது. டிசம்பரில் புரொண்பியில் ஒரு தமிழ்க் கலியாணம். சாப்பாட்டுக்குப் பிறகு டிஜே உன் பாட்டை மேளம் ஏற்றிப் போட்டான். எங்கள் பிள்ளைகள் எல்லாம் கையைத் தூக்கி “என்ரை ரா, என்ரை ரா” என்று கத்திக் கத்தி ஆடினார்கள். அது தமிழ் என்றுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. அம்மா முன்னால் கோப்பையில் சோறு இருந்தது. அப்பா அம்மாவின் இரண்டு காதையும் தன் கைகளால் பொத்தினார். அப்போதே மூச்செடுக்கக் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தவர். அந்தப் பாட்டு முடியும் வரை கையை எடுக்கவில்லை.

நான் வழக்குப் போடப் போவதாகச் சொன்னேன். என்னோடு வேலை செய்யும் ஒருத்தியின் தம்பி சட்டத்தரணி, கடிதமும் எழுதித் தந்தார். அம்மா அதை அனுப்ப விடவில்லை. அம்மா சொன்ன காரணத்தை உனக்குச் சொல்லத்தான் வேணும். “அழுத சொல்லு என்ரை இல்லை, பிள்ளை. அம்மான் செத்த வீட்டிலை பொம்பிளையள் அழுததைக் கேட்டுப் பழகினது. எல்லாரும் அதைத்தான் அழுறது. ஆனா அந்த இழுவை இருக்கே, அது ஊரிலை இல்லை. அது தம்பியின்ரை.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஸ்கீவ நகரில் ஒரு கிழவரிடம் வாங்கி வந்த, கன்ட்ரி பாட்டுக்கு வாசிக்கிற ஸ்டீல் கிட்டாரை அவன் மடியில் கிடத்தி, இரும்புத் துண்டைக் கம்பியில் வழுக்கி வழுக்கி நிலவறையில் வருடக்கணக்காகப் பழகினான் அல்லவா? மேலே சமைத்துக்கொண்டு அம்மா அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தா. பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து வாய் திறந்தபோது அம்மாவுக்கு வந்தது அவன் கம்பியை இழுத்த சத்தம். ஆக, அமெரிக்காக்காரர் தங்களுக்கு வெளியில் இருந்து வந்தது என்று கொண்டாடுவது அவர்களிடம் இருந்து வந்ததுதான். அவனுடைய விரலுக்கும் அம்மாவின் தொண்டைக்கும் ஊடாகப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. நீ வெட்டி ஒட்டும்போது இதை அறிந்திருந்தாயா? அவனோடு அத்தனை வருடம் பாடினவள், அறிந்திருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். அந்த இடத்தைத் தேடி எடுத்திருக்கிறாயே.

இனி அப்பாவின் செத்தவீட்டைச் சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை. சனம் நிறைய வந்தது. தொழிற்சாலையில் அப்பாவோடு வேலை செய்த டெனிஷ்காரரும் வந்தார்கள். ஐயர் கிரியை முடித்ததும் அம்மாவைப் பெட்டிக்குக் கிட்டக் கூட்டிப் போனேன். நாற்பத்தொரு வருடம் ஒன்றாக இருந்தவர்கள். அம்மா அப்பாவின் நெற்றியைத் தடவினா. வாயைத் திறந்தா. “என்ரை” என்று தொடங்கினா.

சித்தப்பாவின் மகள் நிரோஜினிக்குப் பதினான்கு வயது. எனக்குப் பின்னால் நின்றவள், தன் தங்கச்சியிடம் டெனிஷில், இது அந்தப் பாட்டில் வாறது என்று சொன்னாள். அவள் கெட்ட பிள்ளை இல்லை. தெரிந்ததைச் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் மண்டபம் அமைதியாக இருந்தது. அம்மாவுக்கு அவ்வளவு டெனிஷ் விளங்கும்.

அம்மா வாயை மூடினா. திரும்பிச் சனத்தைப் பார்த்தா. எல்லாரும் பாட்டுக்குக் காத்திருப்பதுபோல் அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேணும். பிறகு சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தா. அப்பாவை ஒரு சத்தமும் இல்லாமல் அனுப்பினோம். ஆட்கள் வெளியே வந்து, அம்மா நல்ல தைரியமான மனுசி என்று சொல்லிப் போனார்கள்.

அன்றிலிருந்து அம்மா அழவில்லை. வைத்ததைச் சாப்பிடுகிறா. தேத்தண்ணி குடிக்கிறா. அப்பாவின் உடுப்புகளை மடித்து அடுக்கிவிட்டா. கதைப்பது இல்லை. அழுதுவிடுங்கோ அம்மா என்று நேற்று நான் காலைப் பிடித்துக் கேட்டேன். “எப்பிடி அழுறது? எனக்குத் தெரிஞ்ச அழுகை அது ஒண்டுதான். இப்ப வாய் திறந்தா நான் அவளின்ரை பாட்டைப் பாடுறன் எண்டு எனக்கே கேக்குது” என்றா. ஐந்து நாளில் அம்மா கதைத்தது அவ்வளவும்தான். வைத்தியரிடம் கூட்டிப் போனேன். நித்திரைக்கு மாத்திரை எழுதித் தந்தார்.

சாரங்கி, பாட்டை நிறுத்து என்று நான் கேட்கவில்லை. நிறுத்த இனி உன்னாலும் முடியாது. மன்னிப்பும் எழுத வேண்டாம். நீ நன்றாக எழுதுகிறவள், அதை வாசித்து என் மனம் இளகிவிடும். எனக்கு அது வேண்டாம்.

இந்த மாதம் இருபத்தாறாம் திகதி புதன்கிழமை அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அதற்கு முன் வா. கிட்டாரைக் கொண்டு வராதே. ஒருவருக்கும் சொல்லாதே, எங்கும் படம் போடாதே. டிலுக்சனுக்கு அம்மா அழுத முழுவதும் உன் தொலைபேசியில் மட்டும்தான் இருக்கிறது. எங்களிடம் இல்லை. நீ அந்த ஒரு சொல்லை எடுக்க எத்தனை நூறு தரம் முழுவதையும் கேட்டிருப்பாய்? முன்னால் என்ன வந்தது, பின்னால் என்ன வந்தது, எங்கே மூச்சு எடுத்தா, எங்கே அவன் பெயரைச் சொன்னா என்று உனக்குத்தான் தெரியும். உலகத்தில் அது முழுவதும் தெரிந்தவர்கள் இப்போது இரண்டு பேர். ஒருவர் வாயை மூடிவிட்டா.

வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் இரு. அப்பாவின் படத்துக்கு முன்னால் நீ தொடங்கு. வெட்டாமல், முதலில் இருந்து கடைசி வரை. அது பாட்டு இல்லை, அழுகை என்று அம்மாவின் காதுக்கு உன் வாயால்தான் கேட்க வேணும். பிறகு அம்மா சேருவாவோ இல்லையோ எனக்குத் தெரியாது. சேராவிட்டால், நீயாவது என் அப்பாவுக்கு அழுதுவிட்டுப் போ. அவருக்கு இன்னும் ஒருவரும் அழவில்லை. நானும்தான்.

உன் குரலுக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேணும் என்று பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். குளிரில் வருகிறாய், தொண்டையை நன்றாக மூடிக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன்னை இன்னமும் மச்சாள் என்று நினைக்கும்,
கிருசாந்தி