தனியாக வைத்த கோப்பை

சிவமயம்

டோர்செட் பார்க், ஸ்காபரோ
பங்குனி, செவ்வாய்க்கிழமை

அன்பான தம்பி வாகீசனுக்கு,

அட்சயாவின் அம்மம்மா இராஜேஸ்வரி எழுதுவது. இங்கு யாவரும் சுகம் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை. எட்மன்டன் குளிரில் நீராவது சுகமாக இரும். போன மாதம் அனுப்பிய மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் வந்ததோ இல்லையோ, நீர் ஒரு சொல் சொல்லவில்லை. அந்தப் பார்சலில் எழுதிய விலாசத்துக்குத்தான் இதையும் அனுப்புகிறேன். போன் அடித்தால் நீர் எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் ஏசிப்போடுவேன். எழுதும்போது ஏச்சு கொஞ்சம் குறையும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துப் பிழையைப் பாராதையும்.

நீர் கட்டப் போகிற பிள்ளையின் கையில் ஊசி குத்தின கதை உமக்குத் தெரியும். ஆய்வுகூடத்தில் எச்.ஐ.வி. கிருமி பட்டிருந்த ஊசி, கையுறையைத் துளைத்துவிட்டது. அன்றைக்கு முதலில் உமக்குத்தான் சொன்னாள், தாயில்லாத அவளை வளர்த்த எனக்குப் பிறகுதான். அதையும் மனத்தில் வைத்திருக்கிறேன், ஆனால் அது வேறு கதை. உடனே டொக்டரிடம் போய், ஒரு மாதக் குளிசையைத் தவறாமல் விழுங்கி முடித்தாள். தொற்றியிருக்க வாய்ப்பு மிகவும் குறைவு என்று டொக்டரும் சொன்னாராம். கடைசி இரத்தப் பரிசோதனையின் முடிவு வருகிற மாதம்தான் வரும். அதுவரை இந்த வீட்டில் ஒருவருக்கும் ஒழுங்கான நித்திரை இல்லை.

நீர் இதை உம்முடைய அம்மாவுக்குச் சொன்னீர். சொன்னது பிழை என்று நான் சொல்லவில்லை. அவர் ஒஷாவாவில் இருக்கிற உம்முடைய சின்னம்மாவையும் காரில் ஏற்றிக்கொண்டு பிக்கரிங்கில் இருந்து போன ஞாயிறு வந்தார். ஆவணியில் கலியாணம் வைத்தால் வெயில், அடுத்த வருசத்துக்கு மண்டபத்தை மாற்றினால் என்ன என்று கேட்டார். இந்த நாட்டில் வெயிலுக்குப் பயந்து கலியாணத்தைத் தள்ளிவைத்த ஆட்களை நான் இப்போதுதான் காண்கிறேன். அட்சயா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். உம்முடைய அம்மா கோப்பையை வாங்கி அப்படியே மேசையில் வைத்தார். சின்னம்மா வாங்கவேயில்லை, தனக்குச் சீனி வருத்தம் என்றார். சீனி போடாத தேத்தண்ணி, தம்பி. அவருக்கென்று நான்தான் சொல்லி ஊற்றுவித்தது. பால்ரொட்டியையும் ஒருவரும் தொடவில்லை. சம்பந்தம் பேசின வீட்டில் கை நனைக்காமல் எழும்பிப் போவது, வேண்டாம் என்பதை வாயால் சொல்லாமல் சொல்வது. அதை நான் உமக்குப் படிப்பிக்கத் தேவையில்லை.

உம்முடைய சின்னம்மாவை எனக்கு நேற்றா தெரியும்? நல்லூரில் ஒரு கலியாண வீட்டில் பந்தியில் இருந்த என்னை எழுப்பிவிட்டுத் தன் மச்சாளை இருத்தியவர். அன்றைக்கு அவர் உடுத்திருந்தது கத்தரிப்பூ நிறச் சீலை. கரையில் ஒரு இடத்தில் நூல் இழுபட்டிருந்தது.

லிப்ட் சத்தம் கேட்டு எழும்பிப் போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன். அட்சயா இல்லை, பக்கத்து வீட்டுக்காரர். எதில் விட்டேன்?

அவளுடைய வேலையை நீர் எவ்வளவு விளங்கிக்கொண்டீரோ தெரியாது. எனக்கு மரக்கறி வெட்டிக்கொண்டே சொல்லித் தந்தாள். ஒரு சொல் மறக்கவில்லை. இந்தக் கிருமி மற்றவை போல் வந்து இருந்துவிட்டுப் போவதில்லையாம். எங்கள் பரம்பரை எழுதியிருக்கிற இடத்துக்குள் தன்னையும் எழுதிவைத்துவிடுமாம். அதைத் தடுக்க, பிறக்கும்போதே எங்கள் உடம்பில் சில புரதங்கள் காவலுக்கு நிற்கின்றன. ஒன்று, கிருமி உள்ளே வந்தவுடன் முட்டைக்கோது மாதிரி இருக்கிற அதன் கோதைப் பிடித்துக் குலைக்கும். இன்னொன்று, அது தன்னைப் படியெடுக்கும்போது எழுத்தை மாற்றிக் கெடுத்துவிடும். அவள் ஆராய்கிற புரதம் கடைசி வாசலில் நிற்கிறது. புதிதாக உண்டாகி வெளியே கிளம்புகிற கிருமியை, கன்றைக் கட்டுகிற மாதிரி அங்கேயே கட்டிப்போடும். கிருமியும் லேசுப்பட்டதில்லை. அந்தக் கயிற்றை அவிழ்க்க அதனிடமும் ஒரு கள்ளச் சாமான் இருக்கிறதாம்.

சில குரங்குகளில் அந்த முதலாவது காவலே இந்தக் கிருமியை மறித்துவிடுமாம். எங்களுக்கு ஏன் அது இல்லை என்று கேட்டேன். “இருக்கு அம்மம்மா. ஆனா எங்கட காவல் வேற பழைய கிருமியளோட சண்டை பிடிச்சுப் பழகினது. உவனை அதுக்கு வடிவாப் பிடிக்கத் தெரியாது” என்றாள். அப்போ உடம்பும் என்னைப் போலத்தான், பழைய கோபத்தை விடாது என்றேன். “உங்களைத்தான் முதல்ல லாப்பில வைச்சு ஆராய வேணும்” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். ஊசி குத்துவதற்கு முதல் கிழமை அது. பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை.

இனி நான் எழுத வந்த விசயம். உம்முடைய அம்மா போன பிறகு அட்சயா கோப்பைகளைக் கழுவினாள். தன்னுடையதை மட்டும் எங்களுடையதோடு வைக்காமல், மேல் தட்டில் தனியே கவிழ்த்து வைத்தாள். கோப்பையால் இது தொற்றாது என்று எனக்குப் படிப்பித்தவளே அவள்தான். காலையில் அவள் பார்த்திருக்க அதை இறக்கி, என் தேத்தண்ணியை அதில் ஊற்றிக் குடித்தேன். பின்னேரம் பார்த்தால் திரும்பவும் மேல் தட்டில். நான் இறக்க அவள் ஏற்ற, இப்படியே போகிறது. எனக்கு எட்டாது, கதிரை வைத்து ஏறுகிறேன். விழுந்தால் அந்தப் பழி உம்முடைய அம்மாவின் பெயரில்தான். ஆனால் நான் மட்டும் குடிப்பது அவளுக்குப் போதாது, தம்பி.

முடிவு நல்லதாகத்தான் வரும். வந்த பிறகு உம்முடைய அம்மா லட்டுப் பெட்டியோடு வருவார். மண்டபம் ஆவணியிலேயே கிடைக்கும், வெயிலும் குறைந்துவிடும். அப்போது நீர் வந்தாலும் கதவைத் திறப்பேன், சோறும் போடுவேன். மறக்க மாட்டேன். அவளும் மறக்க மாட்டாள், என்னுடைய பேத்தி. வருவதென்றால் முடிவு வருவதற்கு முதலே வாரும். சின்னம்மாவை வைத்திருக்கிற இடத்தில் உம்மை நான் இன்னும் வைக்கவில்லை.

பிளேனால் இறங்கிப் பிக்கரிங் போகாதையும், நேரே இங்கே வாரும். பிள்ளையார் உமக்குத் துணை நிற்கட்டும். நீர் உயரமான பிள்ளை. மேல் தட்டு உமக்குக் கதிரை இல்லாமலே எட்டும்.

நீர் அம்மம்மா என்று கூப்பிட்ட,
இராஜேஸ்வரி