உன் பக்கம் வராத பந்து

முழங்கால் வலிக்கு ஆமணக்கு எண்ணெய் காய்ச்சச் சொன்னேன். மருமகள் சட்டியை அடுப்பில் வைத்ததும் அந்த வாடை கூடம் வரை வந்து என்னைப் பிடித்துக்கொண்டது, அண்ணா. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் தோல் பறிக்கென்று பெரியப்பா வைத்திருந்த எண்ணெயைத் திருடித்தானே நீ உன் பந்தின் தோலுக்குத் தடவுவாய். "ஏன்டா, பறி காஞ்சு வெடிக்குது, உன்ற பந்து மட்டும் மினுங்குது?" என்று பெரியப்பா கத்துவார்.

அந்தக் காலத்தில் உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். நீ முப்பத்து மூன்று வயதில் போய்விட்டாய். எனக்கு எண்பது தாண்டிவிட்டது. இனி 'நீ' என்றால் தப்பில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருக்கும். மறதி இருக்காது.

சேலத்துக் காலேஜ் புட்பால் டீமில் நீ ரைட் பேக். உன் பக்கமாக ஓடி வருகிறவனைத் தடுத்து நிறுத்துவது உன் வேலை. லீவுக்குக் கரூர்ப் பக்கத்து நம் வேலூருக்கு வந்தால் வெற்றிலைக் கொடிக்கால் வேலை முடிந்ததும் களத்தில் என்னைப் பந்தோடு ஓடி வரச் சொல்வாய். பதின்மூன்று வயது எனக்கு. பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வருவேன். நீ என்னைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் ஓடுவாய். எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்னால் நிற்பாய். "எப்படிங்ண்ணா கண்டுபுடிக்கறீங்க?" என்று கேட்டால், "பந்தைப் பாக்காத சாமி, இடுப்பைப் பாரு. கண்ணும் காலும் ஏமாத்தும், இடுப்பு ஏமாத்தாது" என்பாய். செல்லமாக என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவாய்.

ஆனால் உன் குறை ஒன்று எனக்கு மட்டும் தெரியும். வரப்பில் சறுக்கி அடிபட்ட முட்டி அது. இடது பக்கம் திரும்பும்போது ஒரு மூச்சு தாமதிப்பாய். அந்த ஒரு மூச்சில் நான் உன்னைத் தாண்டிப் போயிருக்கிறேன், இரண்டு தடவை.

மதராஸில் ஒரு மில் டீமுக்கு ஆள் எடுக்க ஒருவர் சேலத்துக்கு உங்கள் மேட்சைப் பார்க்க வருகிறார் என்று நீ கடிதம் போட்டாய். எடுத்துக்கொண்டால் மில்லில் வேலையும் கொடுத்து ஆடவும் விடுவார்கள். பெரியப்பா ஒரே வார்த்தையில் முடித்தார்: "எடுத்தா போ. எடுக்கலீன்னா படிப்பும் போதும், பந்தும் போதும். கொடிக்காலுக்கு வந்து சேரு." அப்பா இல்லாத வீட்டில் அவர் சொன்னதுதான்.

அன்றைக்கு எதிர் டீமில் உன் பக்கமாக ஓடி வரப்போவது நம் மாமன் மகன். சேலம் ஜில்லாவிலேயே அவரைப் போல ஓட ஆளில்லை. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மாமன் ஊட்டுக்கு அம்மாவோடு போனபோது கிணற்றடியில் அவரைத் தனியாகப் பிடித்தேன்.

"மச்சான், அன்னிக்கு ஒரு நாள் மட்டும் அண்ணன் பக்கம் போவாதீங்க."

"ஏன் புள்ளே, உங்கண்ணனுக்கு நானுன்னா பயமா?"

"பயமெல்லாம் இல்லீங்க. முட்டி வலி."

நம் கொடிக்கால் வெற்றிலை இரண்டை மடியிலிருந்து எடுத்து நீட்டினேன். நம் பக்கத்தில் வெற்றிலை வாங்கிவிட்டால் வாக்கை மீறக் கூடாது. அவர் என் முகத்தையே பார்த்தார், சிரித்தார், வாங்கிக்கொண்டார். முறைப்பெண் தனியாக நின்று வெற்றிலை கொடுத்தால் அதற்கு வேறு அர்த்தமும் உண்டு என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அஸ்தம்பட்டி மைதானத்து ஓரத்தில் வண்டியை அவிழ்த்துவிட்டு அம்மாவும் நானும் அதிலேயே உட்கார்ந்திருந்தோம். நீ கணுக்காலில் துணி சுற்றி, வெறும் காலோடு இறங்கினாய். மச்சான் வாக்கைக் காப்பாற்றினார், அண்ணா. கிடைத்த பந்தையெல்லாம் அந்தக் கோடிக்கே கொண்டு போனார். அவர் போன பக்கமே அவர் ஆட்களும் போனார்கள். உன் கூட்டாளி, லெப்ட் பேக், விழுந்து எழுந்து நாயாகப் பாடுபட்டான். நீ இந்தக் கோடியில் நின்றாய். முன்னால் நான்கடி போவாய், பின்னால் நான்கடி வருவாய். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அண்ணன் ஒரு தடவைகூடத் தோற்கவில்லையே!

கூட்டத்தில் ஒருவன் கத்தினான்: "ஏனுங் சாமி, சோளக்காட்டு பொம்மையாட்டம் நிக்கறீங்களே, காக்கா ஏதாச்சும் வந்துச்சுங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். உன் காது சிவந்தது வண்டியிலிருந்தே தெரிந்தது.

ஆட்டம் முடிந்து அந்த மில் ஆள் உங்கள் வாத்தியாரோடு எங்கள் வண்டிக்குப் பக்கத்தில்தான் நின்றார். பழுப்புக் கோட்டு, வாய் நிறைய வேர்க்கடலை. அந்த வாய் சொன்னது அப்படியே என் காதில் இருக்கிறது.

"உயரம் இருக்கு, கால் இருக்கு. நிக்கற இடமும் சரிதான். ஆனா ஆட்டம் முழுக்க மூணு தடவைதான் பந்தைத் தொட்டான். நான் எதைப் பாத்து எழுதறது சார்? அந்த லெப்ட் பேக் அஞ்சு தடவை ஏமாந்தான். ஏமாந்தப்புறம் என்ன பண்றான்னு பாத்தேன்ல? எழுந்து துரத்தறான். எனக்கு அவன் போதும்."

உங்கள் வாத்தியார் "சரிங்க" என்றார். ஒரு வருஷமாக உன் ஆட்டத்தைப் பார்த்தவர், "போன மேட்சுக்கு வந்திருந்தா தெரியுமுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஆளும் செத்திருப்பார், வாத்தியாரும் செத்திருப்பார். செத்தாலும் நான் இருவரையும் விடவில்லை.

நான் வண்டியிலிருந்து குதித்துச் சொல்லியிருக்கலாம். அம்மா பக்கத்தில் இருந்தாள். மச்சானுக்கு நானாகப் போய் வெற்றிலை கொடுத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? ஊர் என்ன பேசும்? வாயை மூடிக்கொண்டேன்.

நீ கொடிக்காலுக்கு வந்தாய். கொடி கட்டினாய், வெற்றிலை கிள்ளினாய், பஸ்ஸில் கரூருக்குக் கூடை ஏற்றினாய். பந்தைப் பெரியப்பா யாருக்கோ கொடுத்தார். ஒரே ஒரு தடவை, என் கல்யாணத்துக்கு முன்னால், "என் பக்கம் வர எவனுக்குமே தோணல பாரு சாமி. ஆளா மதிக்கல" என்றாய். நான் கட்டிக்கொண்டது அந்த மச்சானைத்தான். அவரிடம் எத்தனை முறை சண்டை பிடித்திருக்கிறேன். "நீ கேட்ட, நானு செஞ்சேன்" என்பார்.

பிறகு விஷக் காய்ச்சல் வந்து படுத்தாய். பதினெட்டாம் நாள். நான் உன் வாயில் கஞ்சித் தண்ணி விட்டுக்கொண்டிருந்தேன். அம்மா வெளியே போனதும் கண்ணைத் திறந்தாய்.

"அன்னிக்கு மாப்பிள்ளை ஏன் சாமி என் பக்கம் வரல? அவன் வேணும்னே ஒதுங்கினானோன்னு பன்னெண்டு வருசமா ரோசனை. உங்கிட்ட ஏதாச்சும் சொன்னானா?"

அங்கேயே சொல்லியிருந்தால் கேட்டுவிட்டுப் போயிருப்பாய். திட்டிவிட்டாவது போயிருப்பாய். உன் ஆட்டத்தில் குறையில்லை, உன்னைச் சோதிக்கவே நான் விடவில்லை என்று தெரிந்துகொண்டு போயிருப்பாய். என் மடியில் மச்சானுக்குப் பெற்ற கைக்குழந்தை. அந்தக் கடைசி நேரத்தில் நீ என்னை வெறுத்துவிடுவாயோ என்ற பயம்.

"எனக்குப் பந்தாட்டத்தைப் பத்தி என்னங்ண்ணா தெரியும்?" என்றேன்.

"ஆமா சாமி, உனக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். மறுநாள் உச்சிப் பொழுதில் போய்விட்டாய்.

கோட்டுக்காரரை, வாத்தியாரை, பெரியப்பாவை, என் வீட்டுக்காரரை, எல்லோரையும் ஒவ்வொருவராக உட்கார வைத்துத் திட்டித் தீர்த்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் எழுந்து போன பிறகும் ஒருத்தி மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். அவளைத் திட்ட நீதான் வர வேண்டும், அண்ணா. நீ வர மாட்டாய்.