டாக்டர் கடிதத்தில் நான் அடித்த சொல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்று எப்போதும்போல் வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரி எழுதுவது வழக்கம், இந்த முறை கை அந்த இடத்தில் வந்து நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மடியில் அம்மாவின் எக்ஸ்ரே உறை, அதன்மேல் காகிதம், அதனால்தான் எழுத்து ஏறி இறங்கிப் போகிறது. போனில் பேசலாம்தான், ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதி முடித்ததும் பக்கத்துப் படுக்கை அம்மாளின் மருமகள் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே, சாவி மாடி வீட்டு டீச்சரிடம் இருக்கிறது, சமையலறைக் குழாய் மட்டும் சொட்டிக்கொண்டே இருக்கிறது, பிளம்பர் மூன்று முறை வருகிறேன் என்று சொல்லி மூன்று முறையும் டிமிக்கி கொடுத்துவிட்டான்.

நேற்று மாப்பிள்ளை போன் செய்தார். நீ என்னிடம் சொன்னது வேறு, அங்கே நடந்தது வேறு என்று அப்போதுதான் தெரிந்தது. வேலை கொஞ்சம் அதிகம்பா, அடுத்த மாசம் வர்றேன் என்றாய், நானும் சரி என்றுவிட்டேன். அவர் சொல்கிறார், "மாமா, டாக்டர் லெட்டர்ல கிரிட்டிக்கல்னு இல்லைன்னு அவ ஆபீஸ்ல லீவு கிடையாதுன்னுட்டாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கா, நான் சொன்னதா காட்டிக்காதீங்க" என்று. காட்டிக்கொண்டுவிட்டேன், அவரைக் கோபித்துக்கொள்ளாதே. ஆனால் அந்தச் சொல் ஏன் அதில் இல்லை என்பது அவருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அது இருந்தது அம்மாடி. நான்தான் எடுக்கச் சொன்னேன்.

போன வியாழக்கிழமை மத்தியானம் சின்ன டாக்டரம்மா அந்தக் கடிதத்தை டைப் அடித்து, பெயர் வயசெல்லாம் சரியா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லி என் கையில் கொடுத்தார். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்திலேயே பிரிண்டர் வைத்திருக்கும் சின்ன அறை அது, உட்காரும் நாற்காலியிலும் ஃபைல்தான் உட்கார்ந்திருக்கிறது. பெயர் சரி, வயசு சரி. அடுத்த வரியில் நோயாளியின் நிலை கிரிட்டிக்கல் என்று இருந்தது. நான் கதவு வழியாக வார்டைத் திரும்பிப் பார்த்தேன். உங்கம்மா படுக்கையில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டு, துணியில் டீக்கறை பட்டால் எப்படி எடுப்பது என்று பக்கத்துப் படுக்கைக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். இந்த டாக்டரம்மா நல்ல மனசுக்காரி, பெண்ணுக்கு லீவு கிடைக்கட்டும் என்று நமக்காக ஒரு பிடி கூடப் போட்டிருக்கிறாள் என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். "டாக்டர், இது கொஞ்சம் அதிகப்படி. ஆபரேஷன் எசென்ஷியல், மகள் கூட இருப்பது இம்பார்ட்டண்ட், இப்படிப் போட்டால் போதும்" என்றேன். அவர் என்னை இரண்டு முறை பார்த்தார், நிச்சயமா சார் என்று கேட்டார், நிச்சயமாக என்றேன். வேறு காகிதம் வந்தது. அதைத்தான் உனக்கு அனுப்பினேன், அனுப்பும்போது மனசுக்குள் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உனக்குத்தான் என் கதை தெரியுமே. முப்பத்தொரு வருஷம் தண்ணீர் இலாகா தபால் பிரிவில் உட்கார்ந்து, வெளியே போகிற ஒவ்வொரு கடிதத்தையும் படித்துவிட்டுத்தான் உறையை ஒட்டுவேன். எனக்குத் தராசு என்று பெயர் வைத்ததே அங்கேதான். எழுதுகிறவர்களுக்கு எல்லாமே அர்ஜெண்ட். அர்ஜெண்ட் என்பது நேரத்தைப் பற்றிய பேச்சு, விஷயம் பெரிதா சிறிதா என்பதைப் பற்றியது இல்லை என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். இம்பார்ட்டண்ட் என்றால் ஒதுக்கி வைக்கக் கூடாது, ஆனால் நாளைக்குப் பார்த்தாலும் குடி முழுகாது. சிக்னிஃபிகன்ட் என்றால் நேற்றிலிருந்து ஏதோ மாறியிருக்கிறது, கவனி என்று அர்த்தம். எசென்ஷியல் என்றால் அது இல்லாமல் மற்றது நடக்காது. வைட்டலில் உயிர் இருக்கிறது, அதைப் பேனா பென்சிலுக்கெல்லாம் போடக் கூடாது. க்ரூஷியல் என்றால் இந்த இடத்தில் எடுக்கிற முடிவில்தான் மற்றதெல்லாம் நிற்கும். கிரிட்டிக்கல் எல்லாவற்றுக்கும் மேலே, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாத நேரம் அது. ஒரு என்ஜினியர் வரைபடக் காகிதத்துக்குக் கிரிட்டிக்கல் தட்டுப்பாடு என்று எழுதியிருந்தார், நான் வெறும் தட்டுப்பாடு ஆக்கி அனுப்பிவிட்டேன், ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் பெரிய தொட்டியில் விரிசல் விட்டபோது அந்தச் சொல்லை நான் விட்டு வைத்தேன், ஒரு மணி நேரத்தில் மேலதிகாரிகள் வந்து நின்றார்கள். கண்ட இடத்தில் வாரி இறைக்காததால்தான் அன்றைக்கு அதற்கு மதிப்பு இருந்தது என்று எனக்கு ஒரு பெருமை. உங்கம்மா அப்போதே சொல்வாள், "தமிழ்ல முக்கியம்னா முக்கியந்தான், குரல்லயே தெரிஞ்சுடும். உங்களுக்கு அதுக்கு ஏழு படி, ஏறி முடிக்கறதுக்குள்ள சோறு ஆறிப் போகுது" என்று.

இன்று காலையில் வெட்கத்தை விட்டு டாக்டரம்மாவிடம் போனேன். ஒரு பொய் எழுதித் தரச் சொல்லிக் கேட்கப் போகிறோமே என்று இரவெல்லாம் புரண்டதில் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தது. முதல்ல எழுதினதையே எனக்காக எழுதித் தாங்க டாக்டர் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்காக நான் எழுதலை சார். ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் எழுதினேன்" என்றார். வீட்டில் உள்ளவர்கள் பயப்படுவார்கள் என்று நிறைய பேர் குறைத்து எழுதச் சொல்வார்களாம், நானும் அப்படித்தான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டாராம். ரத்தம் போகிற வழி ரொம்பவே சுருங்கிவிட்டது, வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடியும் என்றுதான் நம்புகிறோம், ஆனால் முடியும் என்று கையெழுத்துப் போட முடியாது என்று மெதுவாகத்தான் சொன்னார். "அவங்க எழுந்து உட்கார்ந்து தலை பின்னிக்கிறாங்களே" என்று நான் கேட்டேன் பார், எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. "அது அவங்க தைரியம் சார்" என்றார்.

முன்பின் தெரியாத என்ஜினியர்களின் கடிதத்தையெல்லாம் நிறுத்துப் பார்த்தவன், நாற்பது வருஷம் கூடக் குடித்தனம் செய்தவளின் நிலைமையைக் கதவு வழியாக ஒரு பார்வை பார்த்துக் குறைத்துவிட்டேன். அலுத்துவிட்டது அம்மாடி. என்மேலேயே அலுத்துவிட்டது. நீ ஒரு வார்த்தை கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை, எனக்குத் தெரியக் கூடாது என்று மறைத்திருக்கிறாய், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. டாக்டரம்மா மறுபடி எழுதிக் கொடுத்துவிட்டார், பெரிய டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறது, இதோடு அதன் படமும் வரும். இந்த முறை நான் படிக்கவில்லை, அப்படியே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

கடிதத்தைப் பார்த்துவிட்டு ஆபீஸில் லீவு கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி, நீ வா. இதை டாக்டர் கேட்கவில்லை, நான் கேட்கிறேன், எனக்குத் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. குழந்தையை மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார், அவரால் முடியும், சும்மா ஆயிரம் யோசனை சொல்லி அவரைக் குழப்பாதே. வழியில் பட்டினி கிடக்காமல் எதையாவது சாப்பிடு, போனில் சார்ஜ் இருக்கட்டும். நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், என் ஆசி எப்போதும் உண்டு. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அம்மாவை உள்ளே அழைத்துப் போகிறார்கள், ஆறரைக்குள் வந்துவிட்டால் முகத்தைப் பார்த்துப் பேசலாம், மூன்றாம் மாடி, லிஃப்டிலிருந்து இறங்கி வலப்பக்கம். இத்தனை நாளில் அவள் உன்னை வரச் சொல்லி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, அவ வேலை கெட்டுடப் போகுது என்றுதான் சொல்வாள். இன்று நான் டாக்டர் அறையிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு "கிளம்பிட்டாளா?" என்று கேட்டாள். கிளம்பிவிட்டாள் என்று சொல்லிவிட்டேன். அது பொய்யாகாமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும்
அப்பா